வெறும் வண்டியும் சுமை வண்டியும்: பிக்கப்பை மாற்றுகிறவர்கள் மறந்துவிடும் பாதி

காலியாகப் போகும் பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்து பத்து கிலோமீட்டர் போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வேகத்தடையில் முன்சக்கரம் அலட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்கும். பின்சக்கரம் ஏறும்போது ஆளைத் தூக்கிப்போடும். அதே வண்டியில் ஒரு டன் வெங்காயத்தை ஏற்றிவிட்டால் அந்த உதறல் அடங்கி, மெத்தென்று போகும். டிரைவரும் அதே ஆள், ரோடும் அதே ரோடு. வண்டி மட்டும் வேறு.

சரக்கு வண்டியின் பக்கப் பலகையில் யூ.எல்.டபிள்யூ., ஆர்.எல்.டபிள்யூ. என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். முதலாவது காலி எடை. இரண்டாவது, சுமையோடு சேர்த்துப் பதிவில் அனுமதித்த மொத்த எடை. காருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் கிடையாது; ஐந்து பேர், நாலு பெட்டி, அவ்வளவுதான். சரக்கு பிக்கப்புக்கு அது ஒரு டன்னைத் தாண்டும். ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய டயர் போடு, உயரத்தைத் தூக்கு, இரும்பு பம்பரை மாட்டு என்று ஆசையோடு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை மட்டும் மனதில் வைத்து இறங்குகிறார்கள். மற்றது பிறகு வந்து கணக்குக் கேட்கும்.

என்னிடம் வந்து கேட்டது. நான் வாங்கியது 2017 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், கைமாறி வந்த வண்டி. முன்பு வைத்திருந்தவர் அதற்குச் செய்யாத அலங்காரம் இல்லை. முன்னும் பின்னும் இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்தெடுக்கும் கருவி), கூரைமேல் கேரியர், அடியில் இரும்புத் தகடுகள், பின்பக்கம் கூடுதல் பட்டை, பெரிய டயர். ‘ஃபுல்லா அப்கிரேட் பண்ணின வண்டி’ என்று சொல்லித்தான் விற்றார். நானும் சந்தோஷமாக வாங்கினேன். அடுத்த இரண்டு வருடம் அவர் மாட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றுவதில் போயிற்று. பிக்கப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படிக் கழற்றும்போது கற்றுக்கொண்டதுதான்.

பிக்கப்பே ஒருவகையில் வண்டியை வெட்டி மாற்றியவர்களின் பிள்ளை. அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி காரை வாங்கிய விவசாயிகள் அதன் பின்பக்கத்தை எடுத்துவிட்டு மரப்பெட்டி பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1925-இல் ஃபோர்டு நிறுவனமே பெட்டியோடு சேர்த்து விற்க ஆரம்பித்தது; விலை 281 டாலர். ஆஸ்திரேலியாவில் கதை இன்னும் சுவாரசியம். விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டியாகக் கொடுங்கள். லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் அந்த வேலை போனது. 1934-இல் ஜீலாங் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான் அவர்கள் ‘யூட்’ என்று செல்லமாகச் சொல்லும் வண்டியின் முன்னோடி. அந்த அம்மாள் கேட்டதும் இரண்டு வண்டிகளைத்தான். ஒன்று வெறுமையாக, ஒன்று சுமையோடு.

இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது பின்னால் உள்ள பட்டைச் சுருள். பெயர்தான் சுருள், உண்மையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வில் போன்ற எஃகுப் பட்டைகள். மாட்டுவண்டிக் காலத்துச் சங்கதி என்று நினைக்கலாம், ஆனால் இதை இன்னும் யாராலும் விரட்ட முடியவில்லை. சுமையைத் தாங்குவது மட்டுமில்லாமல் அச்சு முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதே பட்டைதான். வேறு கம்பிகள், கைகள் எதுவும் வேண்டாம். மேலே உள்ள பட்டைகள் எப்போதும் வேலை செய்யும். அடியில் தட்டையாக ஒன்று இருக்கும். வண்டி காலியாக இருக்கும்வரை அது சும்மாதான் கிடக்கும். சுமை ஏறி மேல்பட்டைகள் அமர்ந்து அதைத் தொட்ட பிறகுதான் அது வேலைக்கு வரும். ஒரே அடுக்குக்குள் இரண்டு வண்டிகளுக்கும் ஆளாளுக்கு ஓர் ஏற்பாடு.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பட்டறையில் என் வண்டியை விட்டிருந்த அன்று, பக்கத்தில் காய்கறி ஓட்டும் பிக்கப் ஒன்று நின்றது. டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

‘‘அண்ணே, லோடு ஏத்துனா பின்னாடி உக்காந்துருது. ரெண்டு பட்டை சேத்துப் போட்டு விடுங்க’’ என்றார்.

மெக்கானிக் அடியில் படுத்தபடியே பதில் சொன்னார்: ‘‘போடலாம் தம்பி. பட்டை ரெண்டு கூடும். ஹவுசிங் தடிக்குமா? பிரேக் டிரம் பெருசாகுமா?’’

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. பட்டை சேர்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதைப் பட்டை மட்டும் முடிவு செய்வதில்லை. அச்சை மூடியிருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங், சக்கர பேரிங், பிரேக், டயர், சேஸிஸ், ரிம் போல்ட் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்ட எண் அது. அதில் எது பலவீனமோ அதுதான் வண்டியின் பலம். பட்டை சேர்ப்பதால் கிடைக்கும் ஒரே உறுதியான பலன், வண்டி தாழ்ந்து உட்கார்ந்து ‘போதும்’ என்று காட்டுகிற அடையாளம் மறைந்துபோவதுதான்.

இன்னொன்று, பட்டையின் கணக்கு நம் மனக்கணக்குப் படி போவதில்லை. அதே தடிமனில் ஐந்து பட்டையை ஆறாக்கினால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். தடிமனை மாற்றினால் நிலைமையே வேறு. விறைப்பு தடிமனின் மும்மடியாக (தடிமன் × தடிமன் × தடிமன்) போகும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால், அந்த ஒரு பட்டை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு பட்டைக்குச் சமம். பழைய லாரியிலிருந்து எடுத்த தடித்த பட்டையை ‘ஒண்ணே ஒண்ணு’ என்று சொருகுகிற வழக்கம் இருக்கிறதே, அதற்குப் பிறகு காலி வண்டி குதிக்கிற குதிக்கு இதுதான் காரணம். குதிக்கும்போது சக்கரம் ரோட்டைத் தொடுவதில்லை. தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் கிடையாது.

என் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் கூடுதல் பட்டை போட்டதற்குக் காரணம் சரக்கு இல்லை. அவர் மாட்டிய இரும்பு. அதைக் கண்டுபிடித்தது எடைமேடையில்.

பிக்கப்பில் ஏதாவது மாற்ற நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது எடைமேடைக்குப் போகத்தான். நெல், கரும்பு, மணல் லாரிகள் ஏறும் அதே மேடைதான், காசும் சொற்பம். டாங்க் நிரம்ப டீசல், வழக்கமாக வண்டியில் கிடக்கும் சாமான்கள் எல்லாவற்றோடும் போங்கள். முழு வண்டியையும் ஒரு முறை எடை போடுங்கள். அப்புறம் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறை, பின்சக்கரங்கள் மட்டும் ஒரு முறை. மேடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. என் சீட்டில் வந்த எண், ஆர்சியில் இருந்த காலி எடையைவிட 240 கிலோ அதிகம். அதாவது மூன்று பெரிய ஆட்கள் எந்நேரமும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், இறங்குவதே இல்லை. நான் ‘காலி வண்டி’ என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தது பாதி சுமை வண்டி.

அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னும் முக்கியம். இது நெம்புகோல் கணக்கு. வி-கிராஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3,095 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சில் ஏறுவது 100 கிலோ இல்லை, 132 கிலோ. மிச்ச 32 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து பிடுங்கியது. அந்த அளவுக்கு முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் மிதக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று முன்னால் பம்பரும் வின்சும் சேர்த்து இன்னொரு 100 கிலோவைப் பூட்டினால் எண்கள் ஓரளவு சமன்படும். ஆனால் வண்டி அப்போது இரண்டு முனையிலும் குடம் தொங்கும் காவடி. காவடியோடு நேராக நடப்பது கஷ்டமில்லை. சட்டென்று திரும்பவும், திரும்பியதை நிறுத்தவும்தான் கஷ்டம். கொடைக்கானல் ஏற்றத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் என் வண்டி ஏன் எப்போதும் அரை நொடி தாமதமாக நடந்துகொண்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்திரேலியாவில் இந்த நெம்புகோல் இன்னும் கொடூரமாக வேலை செய்தது. அங்கே நான்கு கதவு யூட்டின் பின்னால் கனமான கேரவனை (சக்கரம் வைத்த வீட்டை) இழுத்துக்கொண்டு நாடு சுற்றுவது ஒரு வாழ்க்கை முறை. பின்பக்கம் தாழாமல் இருக்க அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே காற்றுப் பைகள் பொருத்திக்கொள்வார்கள். பட்டை தன் சுமையை முன்காது, பின்காது என்று சேஸிஸில் தள்ளித்தள்ளி இரண்டு இடத்தில் இறக்கும். காற்றுப் பை நடுவே ஒரே புள்ளியில் முட்டும். முன்னால் கேபின், பின்னால் கேரவன், நடுவே முட்டுக்கொடுத்த ஒரு புள்ளி. குண்டும் குழியுமான பாதையில் அங்கே சேஸிஸ் முருங்கைக் கிளை மாதிரி வளைந்துபோன வண்டிகள் ஒன்றிரண்டு இல்லை. வண்டி வெளியே நிமிர்ந்து நின்றதால் ஓட்டியவர்களுக்கு ஏதும் தெரியவில்லை.

சரி, டயருக்கு வருவோம். பிக்கப் வாங்கியவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான், கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அதுதான் என்பதால்.

2016-இல் வந்த வி-கிராஸின் டயர் 245/70 ஆர்16. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம், மூன்றாவது அங்குலத்தில் ரிம். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் 749 மில்லிமீட்டர். பலர் போடும் அடுத்த அளவு 265/70 ஆர்16, விட்டம் 777. வித்தியாசம் 28 மில்லிமீட்டர். ஆனால் அச்சு டயரின் நடுவில் இருப்பதால் தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் அதில் பாதி, 14 மில்லிமீட்டர். ஒரு விரல் தடிமன்! அதற்குக் கொடுக்கும் விலை: மீட்டர் 100 காட்டும்போது சக்கரம் 103.7-க்கு நிகராகச் சுற்றியிருக்கும் (தொழிற்சாலையிலேயே மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைப்பார்கள் என்பதால் இது பெரும்பாலும் தெரியாது), இழுவை அதே அளவுக்குக் குறையும், ஒவ்வொரு சக்கரமும் கனக்கும்.

இன்னும் ஒரு படி ஏறி 33 அங்குலம் என்று சொல்லும் 285/75 ஆர்16-க்குப் போனால் விட்டம் 834. பதினொரு சதவீதம் கூடுதல். எல்லா கியரும் பதினொரு சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். முதல் கியரில் மேடு ஏறும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடி தவிக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உரசும், உரசாமலிருக்க உயரத்தைத் தூக்க வேண்டும், தூக்கினால் வேறு தொல்லைகள். ஸ்டெப்னி அதன் பழைய இடத்தில் நுழையாது. இத்தனையும் டயர் என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

கடையில் யாரும் பார்க்காத எண் ஒன்று டயரின் பக்கச்சுவரில் உண்டு. அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீடு. 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், 116 என்றால் 1,250. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் டயரின் குறியீடு, வண்டியோடு வந்த சாதாரண டயரைவிடக் குறைவாக இருப்பது அபூர்வமில்லை. வெறும் வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஐந்து பேரும் மூட்டையுமாக மே மாதத் தார்ரோட்டில் போகும்போதுதான் தெரியும். என் அபிப்பிராயம் கேட்டால், முக்கால்வாசிப் பேருக்குச் சேற்று டயர் தேவையே இல்லை. வண்டியோடு வந்த அளவிலேயே, சுமைக் குறியீடு குறையாத ஒரு ஆல்-டெரைன் டயர் போதும்.

மணலில் போகத்தான் பெரிய டயர் என்றால் அதற்குச் செலவில்லாத வழி காற்றை இறக்குவது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருக்கிறது, காற்று 30 பிஎஸ்ஐ என்றால், தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 240 சதுர சென்டிமீட்டர். ஒரு சின்ன சப்பாத்தி. காற்றை 15-க்கு இறக்கினால் சப்பாத்தி இரண்டாகும், மணல் தாங்கிக்கொள்ளும். இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். 1990-இல் அங்கே டொயோட்டா விற்பனை நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ், ஹைலக்ஸ் பிக்கப்பின் மட்கார்டுகளை வெட்டி 38, 44 அங்குல டயர்களை நுழைத்தது. பனியில் அவற்றின் காற்றை 2, 3 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டுவார்கள். டயர் கிட்டத்தட்டப் பஞ்சர் ஆனது போலப் படுத்திருக்கும், வண்டி பனிமேல் மிதக்கும். 2007-இல் பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சிக்காரர்கள் 1996-இல் காந்த வடமுனை இருந்த இடம்வரை ஓட்டிப் போனதும் இவர்கள் தயாரித்த ஹைலக்ஸைத்தான். ஆனால் அந்த டயருக்காக அவர்கள் கியர் விகிதத்தை மாற்றுகிறார்கள், சஸ்பென்ஷனை நகர்த்துகிறார்கள். நம் ஊரில் டயரை மட்டும் பார்த்துக் காப்பியடிக்கிறோம். (15 பிஎஸ்ஐயில் மணலைத் தாண்டிவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறிவிடாதீர்கள். டயர் சூடாகிக் கிழியும். ஒரு சின்ன கம்ப்ரசர் கூடவே இருக்க வேண்டும்.)

உயரத்தைத் தூக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னால் காயில் சுருள் உள்ள பிக்கப்பில் 40, 50 மில்லிமீட்டர் வரை ஓரளவு சமாளிக்கும். அதற்கு மேல் ஆக்சில் ஜாயின்ட்கள் எந்நேரமும் சாய்ந்த கோணத்தில் சுற்றும், ரப்பர் பூட் கிழியும், அலைன்மெண்ட் சரிப்படாது. பின்னால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்குவது இருப்பதிலேயே மலிவான வழி, இருப்பதிலேயே மோசமானதும் அதுதான். திடீரென்று முறுக்கினால் அச்சு சுழன்று பட்டையை ‘எஸ்’ மாதிரி மடக்கப் பார்க்கும். கவிழும் ஆபத்துக்கு ஒரு எளிய விகிதம் உண்டு: இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை வண்டியின் எடைமையத்தின் உயரத்தால் வகுப்பது. எண் குறையக் குறைய ஆபத்து. அகலம் 1,570, உயரம் 700 என்று வைத்தால் 1.12. டயரும் லிஃப்டுமாக 75 மில்லிமீட்டர் ஏற்றினால் 1.01. அதுவும் வெறும் வண்டிக்கு. கூரைமேல் கூடாரம் ஏற்றினால் இன்னும் இறங்கும்.

பிரேக்கில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. பல பிக்கப்களில், குறிப்பாகப் பழைய மாடல்களில், சேஸிஸில் ஒரு வால்வும் அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு கம்பியும் இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி நகர்ந்து, பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடு என்று வால்வுக்குச் சொல்லும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். இரண்டு வண்டிகளில் இப்போது ஓடுவது எது என்று பிரேக்குக்குச் சொல்லும் கம்பி அது. வண்டியைத் தூக்கி, கூடுதல் பட்டையும் போட்டுவிட்டு அந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், ஒரு டன் ஏற்றியிருக்கும்போதும் அது ‘காலி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

எஞ்சினைப் பற்றி எனக்கு அதிக உற்சாகமில்லை. டீசல் எஞ்சினின் கணினியில் ரீமேப் செய்து, அதாவது அதன் நிரலை மாற்றி, இழுவையைக் கூட்டலாம், உண்மைதான். கூடிய இழுவை கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிறது, அவற்றை யாரும் ரீமேப் செய்ய முடியாது. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த வண்டிகளில் புகைக்கரி வடிகட்டியை எடுத்துவிடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அதன் விளைவு என்ன என்பதற்கு அமெரிக்கா உதாரணம். பத்தாண்டுகளில் 5.5 லட்சம் டீசல் பிக்கப்களில் மாசுக்கட்டுப்பாட்டு பாகங்கள் அகற்றப்பட்டதாகவும், புகைக் கணக்கில் அது 90 லட்சம் பிக்கப்களைப் புதிதாக ரோட்டில் இறக்கியதற்குச் சமம் என்றும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்குப் போட்டது.

என் வண்டியில் நடந்த ஒரே விபரீதம் விளக்கு விஷயத்தில். கேரியரில் வரிசையாக நாலு விளக்குகள். முந்தையவர் எங்கோ ஒரு கடையில் போட்ட வயரிங், ரிலே கிடையாது, ஃபியூஸும் கிடையாது. மெல்லிய வயர் நேராக சுவிட்சுக்கு வந்திருந்தது. ஒரு ராத்திரி வத்தலகுண்டு தாண்டிப் போகும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. இறங்கி பானட்டைத் திறந்து பேட்டரி கம்பியைப் பிடுங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. சுவிட்ச் இருந்த இடத்தில் கரும்பழுப்பாக ஓர் ஓட்டை. இப்போது விளக்கு ஒன்றுதான், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸோடு.

செய்த மாற்றங்களில் நான் உருப்படியானது என்று சொல்வது ஒன்று உண்டு. விலை நூறு ரூபாய்க்குள். பின் அச்சின் நடுவில் உள்ள கிரவுன் ஹவுசிங்கில் காற்று போய்வர ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு உள்ளே ஆயில் கொதிக்கும். அப்படியே ஓடைத் தண்ணீரில் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, எந்த இடுக்கில் முடியுமோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பால் காபி நிறத்தில் வழியும். ஒரு ரப்பர் குழாயை மாட்டி அந்த மூச்சை டீசல் மூடி உயரத்துக்கு ஏற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. இதைச் செய்யாமல் பானட் பக்கத்தில் யானைத் துதிக்கை மாதிரி, எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்நார்கல் குழாய் மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எஞ்சின் மூச்சு விடும், கிரவுன் தண்ணீர் குடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்சியில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மாநில விதிகளைக் காட்டித் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இரும்பு பம்பர்களைப் பற்றி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம், அவை சட்டத்துக்குப் புறம்பானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியை அது நசுங்கவிடாது, ரோட்டில் நடக்கிறவர்மேல் இடித்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆஸ்திரேலியாவில் சோதித்துச் சான்று பெற்ற சஸ்பென்ஷன் தொகுதியைப் பொருத்தி, வண்டியின் அனுமதி எடையையே சட்டப்படி உயர்த்திக்கொள்ளலாம், அதற்குத் தனித் தகடும் வண்டியில் அறைவார்கள். இங்கே தனியார் பிக்கப் வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு வாசலே நடைமுறையில் இல்லை. அதனால் ஒழுங்காகச் செய்ய நினைப்பவரும் கண்மூடித்தனமாகச் செய்கிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருந்தாலும் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கும்போது இந்த வாதமெல்லாம் எடுபடாது.

முன்பம்பரும் வின்சும் முதலில் போயின. பின்பம்பர், கேரியர், டயர் என்று அப்புறம் ஒவ்வொன்றாக. கடைசியில் மிச்சமிருந்தது அந்தக் கூடுதல் பட்டை. ஒட்டன்சத்திரத்துப் பட்டறைக்கு அன்று போனது அதைக் கழற்றத்தான். யூ போல்ட்டைத் தளர்த்தி, நடுபோல்ட்டை எடுத்ததும் பட்டை ‘டங்’ என்று தரையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற காய்கறி வண்டிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘அண்ணே, இதையே என் வண்டிக்குப் போட்டுருங்களேன். காசு மிச்சம்.’’

மெக்கானிக் பட்டையை எடுத்து விரலால் தடிமன் பார்த்தார். ‘‘உன் வண்டிக்கு இது நீளம் பத்தாது. பத்தினாலும் போட மாட்டேன்’’ என்று சொல்லி அதை என் வண்டியின் பின்னாலேயே எறிந்துவிட்டார். பட்டை இரும்புக்கு நம் ஊர்க் கொல்லர்களிடம் எப்போதும் மதிப்பு உண்டு, திருப்பாச்சேத்தி அரிவாளே வண்டிப் பட்டையில் அடிப்பதுதானே. எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் கொடுத்தேன். இரண்டு அரிவாள் வந்தது. ஒன்று கொல்லருக்குக் கூலியாகப் போக, இன்னொன்று தோப்பில் தென்னை மட்டை வெட்டிக்கொண்டிருக்கிறது.